லேப்டாப் கடன்: சொன்னது 12 சதவீதம், வாங்குவது 27.67

தவணையில் லேப்டாப் வாங்கப்போகும் மாணவர்களும் பெற்றோரும் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் தம்பி 48,000 ரூபாய் லேப்டாப்பைக் கடனில் எடுத்தான். "வட்டி வெறும் 12 பர்சன்ட்தான் தம்பி" என்றார் கடையில் உட்கார்ந்திருந்த கடன் கம்பெனி ஆள். மாதம் 4,480 வீதம் 12 தவணை. பிராசசிங் ஃபீஸ் என்று 1,500 ரூபாயை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். ஆஃபர் இன்றோடு முடிகிறது என்று அவசரப்படுத்தி ஓடிபியும் வாங்கிவிட்டார்கள். கேஎஃப்எஸ் எனப்படும் கடன் விவரத்தாள் மறுநாள்தான் மெயிலில் வந்தது. அதில் ஏபிஆர், அதாவது ஃபீஸையும் சேர்த்துக் கணக்கிட்ட உண்மையான வருட வட்டி, 27.67 சதவீதம்!

அவர் சொன்ன 12, ஃப்ளாட் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும், ஆனால் வட்டி மட்டும் கடைசி வரை முழு 48,000-க்கும் போடப்படும். கடைசி மாதம் பாக்கி அசல் வெறும் 4,000 ரூபாய், அதற்கும் வட்டி அதே 480. படிக்கிற பையனிடம் இதைச் சொல்லாமல் மறைத்தது அநியாயம்.

இதை எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ நீங்களே பார்த்துவிடலாம். ரேட் (RATE) ஃபங்ஷனில் 12, -4480, 48000 என்று கொடுத்து, விடையை 12-ஆல் பெருக்குங்கள். தவணைத் தொகைக்கு முன்னால் மைனஸ் குறி அவசியம். எக்செல் 2% என்று முழு எண்ணாகக் காட்டினால் தசம இடங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். 21.5 சதவீதம் வரும். ஃபீஸைக் கழித்து 48000-க்குப் பதில் 46500 போட்டால் 27.67. அதாவது அவர்கள் தாளில் இருக்கும் அதே எண்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட புதிய கடன்களுக்குக் கேஎஃப்எஸ்ஸை ஒப்பந்தத்துக்கு முன்பே, நமக்குப் புரிகிற மொழியில் தரவேண்டும். ஏழு நாளோ அதற்கு மேலோ தவணைக்காலம் உள்ள கடன் என்றால், யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசமும் உண்டு. ஆகவே "இன்றே கடைசி" என்று யாராவது சொன்னால் ஓடிபி சொல்லாதீர்கள். தாளைக் கேளுங்கள், ஏபிஆர் வரியைப் பாருங்கள். தரமாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், லேப்டாப் வேறு கடையிலும் கிடைக்கும்.

கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) ஆன்லைனில் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.