வயல் கணக்கு நோட்டும் மூன்று வகை பைண்டிங்கும்

வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று வயல். கார், பிசானம் இரண்டு பூவுக்கும் (பூ என்றால் ஒரு நெல் சாகுபடிப் பருவம்) விதை, உரம், நடவுக்கூலி, அறுப்பு எல்லாம் எழுதிவைக்க 2019இல் ஏ4 அளவில் ஒரு நோட்டு போட்டேன். வயலுக்கு ஒரு பகுதி. அதனால் புதுத்தாளைக் கடைசியில் ஒட்டினால் ஆகாது, நடுவில்தான் நுழைக்க வேண்டும். வினையே அங்கேதான்.

முதலில் ஸ்பைரல். தாள் சேர்க்க முடியுமா என்று ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் கேட்டேன். "முடியாம என்ன அண்ணாச்சி, மடக்குன முனைய நிமித்திட்டுச் சுத்திக் கழத்துங்க" என்றான். உண்மைதான். முனையை நிமிர்த்தித் திருகிக்கொண்டே போனால் சுருள் வெளியே வந்துவிடும், தாளை வைத்து மறுபடி ஏற்றலாம். ஆனால் புதுத்தாளுக்கு ஓட்டை? ஸ்பைரலில் சுமார் 6 மில்லிமீட்டருக்கு ஒன்று. வீட்டிலிருக்கும் பஞ்ச் போடும் ஓட்டையே ஏறக்குறைய அந்த அகலம்! அடித்தால் ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தாளின் ஓரமே துண்டாகிவிடும். ஒற்றைத் தாளுக்காக ஒவ்வொரு முறையும் கடைக்கு நடந்தேன். நான்காம் தடவை சுருளின் முனை ஒடிந்தது.

2021இல் வைரோவுக்கு மாறினேன், அதாவது இரட்டைக் கம்பி வளையங்களை ஓட்டைகளில் நுழைத்து அழுத்தி மூடும் பைண்டிங். மடக்கி ஒரு கையில் பிடித்து வரப்பில் நின்றே எழுதலாம், அதில் குறையே இல்லை. தாள் சேர்க்க மட்டும் லாயக்கில்லை. ஒருமுறை குறடால் விரித்து மூடினேன். வளையங்கள் பழையபடி சேரவில்லை, அந்தச் சந்து வழியாகத் தாள் நழுவ ஆரம்பித்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது நோட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. பால்பாயிண்ட் எழுத்து தப்பியது, ஜெல் பேனாவில் எழுதிய ஒரு பூவின் கணக்கு முழுக்கக் கரைந்துபோனது. குறடு பட்டுப் பூச்சு உரிந்த இடங்களில் கம்பி துருவேறிக் கறை வேறு.

அப்புறம்தான் காம்ப் பைண்டிங். சீப்பு மாதிரி பிளாஸ்டிக் வளையங்கள், ஏ4க்கு 21. இதைத் திறக்கக் கருவியே வேண்டாம். ஒரு ஓரத்திலிருந்து நகத்தால் நாலைந்து வளையங்களாக நெம்பி, மேலே இருக்கும் தாள்களைக் கொத்தாக விடுவித்து, புதுத்தாளை வைத்து மறுபடி மாட்டினால் போதும். நிதானமாகச் செய்தால் பத்து நிமிடம்.

ஓட்டைக்கு ஒரு பழைய தாளை மேலே வைத்துப் பென்சிலால் குறித்துக்கொள்வேன். இவை நீளவாக்கில் இருக்கும் செவ்வக ஓட்டைகள், பஞ்ச் உதவாது, பிளேடுதான். ஏழெட்டு வெட்டினால் போதாதா என்று ஒருமுறை சோம்பல்பட்டேன். மற்ற வளையங்கள் முட்டித் தாள் மடங்கிப்போனது. இப்போது மேலே இரண்டு, நடுவில் இரண்டு, கீழே இரண்டு மட்டும் முழு ஓட்டை. மீதி பதினைந்தையும் தாளின் விளிம்பிலிருந்தே கத்தரியால் திறந்த பள்ளமாக வெட்டிவிடுவேன். வேலை பாதியாகக் குறைந்தது, இதுவரை ஒரு தாளும் கிழியவில்லை.

வளையத்தை ஒரு அளவு பெரிதாகவே கேட்டு வாங்குங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாள் நூறு சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கனம். நாற்பது தாள்தானே என்று 8 மில்லிமீட்டர் போட்டால் அடுத்த பூவிலேயே திணறும். நான் 16 போட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. வைரோ போல முழுக்க மடக்க முடியாது, வயலில் எழுத இரண்டு கை வேண்டும். சித்திரை வெயிலில் ஒருநாள் பைக் சீட்டில் வைத்து மறந்துவிட்டேன். நடு வளையங்கள் மூன்று இளகி வாய் பிளந்துவிட்டன, அந்த இடத்தில் இப்போது வாழைநார் கட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு.