திருப்பி எழுதும்போதுதான் சாயம் வெளுக்கும்: பைத்தானின் கான்ஃபிக் லைப்ரரிகள்

பைத்தானில் கான்ஃபிக் ஃபைலை, அதாவது நிரலின் அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைலைப் படிக்க எந்த லைப்ரரி நல்லது என்று கேட்டால், பேச்சு உடனே வேகத்துக்குப் போய்விடும். ஐம்பது வரி ஃபைலுக்கு வேகம் எதற்கு? நிரல் தொடங்கும்போது ஒரு தடவை படிக்கிறோம், அவ்வளவுதான். முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஃபைலை நிரல் திருப்பி எழுதப் போகிறதா, இல்லையா என்பதை.

படிக்க மட்டும்தான் என்றால் பையாமல் போதும். யாமல் என்ற கான்ஃபிக் வடிவத்துக்கான பழைய லைப்ரரி, எல்லா இடத்திலும் இருக்கும். வெறும் 'லோட்' வேண்டாம், 'சேஃப்_லோட்' போடுங்கள். யாமல் ஃபைலுக்குள் யாராவது குறும்பாக எழுதி வைத்தால், பழைய 'லோட்' அதைக் கட்டளையாகவே ஓட்டிவிடும். 2021இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து எந்த லோடர் (படிக்கும் முறை) என்று சொல்லாமல் அதை அழைக்கவே முடியாது.

பையாமலின் உண்மையான தொல்லை, அது இன்னும் யாமல் 1.1 விதிகளைப் பின்பற்றுவது. நாடுகளின் குறியீடுகளாக ஐஎன், எஸ்ஜி, என்ஓ என்று மேற்கோள் இல்லாமல் ஆங்கில எழுத்தில் எழுதினால், இந்தியாவும் சிங்கப்பூரும் எழுத்தாகவே வரும்; நார்வேயின் என்ஓ மட்டும் 'நோ' என்ற சொல்லாகக் கருதப்பட்டு 'ஃபால்ஸ்' (இல்லை என்ற மதிப்பு) ஆகிவிடும். போர்ட் எண் ஜோடி 22:22 என்றால், அறுபதின் அடுக்காகக் கணக்குப் போட்டு 1342 என்று தரும். 8080:80க்கு இந்தக் கதி இல்லை, ஏனென்றால் வலப்பக்க எண் 60க்கு மேல். சோதனையில் தப்பித்து, பிறகு ஒருநாள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) போர்ட்டான 22இல் மாட்டுகிற வகைப் பிழை இது.

ரூவாமல்.யாமல், பையாமலிலிருந்து கிளைத்ததுதான். ஆனால் 1.2 விதிகளை இயல்பாக எடுத்துக்கொள்கிறது, அதனால் நார்வேயும் 22:22ம் தப்பிக்கின்றன. ஒரே சாவி (மதிப்பின் பெயர்) இரண்டு முறை வந்தால் பையாமல் சத்தமில்லாமல் கடைசியை எடுத்துக்கொள்ளும். ரூவாமலோ பிழை என்று சொல்லி நிறுத்திவிடும். எனக்கு இந்த ஒரு குணமே போதும். ஆனால் பைத்தான் பதிப்பு 3.10 என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால், இதிலும் 3.1 என்ற எண்தான் கிடைக்கும்.

சரி, திருப்பி எழுதுவதற்கு வருவோம். ஃபைலில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

நேரவரம்பு: 30  # குறைக்காதீர்கள், பேமென்ட் பாதியில் அறுந்துவிடும்

பையாமலில் படித்து, 45 என்று மாற்றி எழுதினால் அந்தக் குறிப்பு போயே போய்விடும். சாவிகள் எழுத்து வரிசையில் மாறி உட்காரும். அதைத் தடுக்க 'சார்ட்_கீஸ்' அணைக்க வேண்டும். 'அலவ்_யூனிகோட்' போடாவிட்டால் தமிழ் முழுவதும் யூனிகோட் எண்களாகச் சிதறும். ரூவாமலில் குறிப்பும் வரிசையும் அப்படியே நிற்கும், 30 மட்டும் 45 ஆகும். கிட்டில் டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) பார்த்தால் ஒரே வரி. மனிதர்களும் நிரலும் மாறி மாறித் தொடுகிற ஃபைலுக்கு வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மெதுவாகத்தான் ஓடும், ஓடட்டும்.

டாமல் என்ற இன்னொரு கான்ஃபிக் வடிவத்தின் பக்கம் கதை வேறு. பைத்தான் 3.11இல் அதற்கான லைப்ரரி டாமல்லிப் உள்ளேயே வந்துவிட்டது, தனியாக நிறுவ வேண்டாம். ஆனால் டாமல்லிப்புக்குப் படிக்க மட்டுமே தெரியும், எழுதத் தெரியாது. வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள். ஃபைலை பைனரி முறையில் திறக்க வேண்டும், மறந்தால் பிழை வரும். குறிப்புகளைக் காப்பாற்றி எழுத டாமல்கிட் இருக்கிறது. டாமலில் எழுத்து மதிப்புகளுக்கு மேற்கோள் கட்டாயம் என்பதால், நார்வே மாதிரி விபத்துக்கே இடமில்லை. குறைகளும் உண்டு: வெற்று மதிப்பைக் குறிக்கும் 'நல்' கிடையாது, அதற்கு இணையான பைத்தானின் 'நன்' மதிப்பை எழுதப் போனால் நின்றுவிடும். மேலே காட்டிய 'நேரவரம்பு' போன்ற தமிழ்ச் சாவிகளை மேற்கோளுக்குள்தான் வைக்க வேண்டும். நான்கு அடுக்குக்கு மேல் உள்ளே போனால் தலைப்புகளைப் படிக்கவே அலுப்பாகிவிடும்.

ஜேசன் வடிவம்? இரண்டு நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அருமை. குறிப்பே எழுத முடியாத ஒன்றைக் கையால் திருத்தச் சொல்வது கொடுமை.

புதிதாகத் தொடங்கும் பைத்தான் ப்ராஜெக்ட் என்றால் டாமல்லிப்பில் தொடங்குங்கள், எழுத வேண்டி வந்தால் டாமல்கிட் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே யாமலில் இருக்கிறீர்கள், நிரலும் அதில் எழுதுகிறது என்றால் ரூவாமலுக்கு மாறுங்கள். மாறும்போது 'ப்ரிசர்வ்_கோட்ஸ்' போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தேவையற்ற மேற்கோள்களை அது கழற்றிவிடும். நீளமான வரிகளையும் 80 எழுத்தையொட்டி மடிக்கும், அகலத்தைக் கூட்டி வையுங்கள். அப்புறம், முதல் தடவை மதிப்பு எதையும் மாற்றாமல் ஃபைலைப் படித்து எழுதி, அந்த மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போட்டுவிடுங்கள். ரிவ்யூ செய்கிறவர் திட்ட மாட்டார்.