பழைய குட்டி ரீலோடிங் ப்ரெஸ்: ஆறு மாசம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

வீட்டுல தோட்டா ரீலோட் பண்ண (சுட்ட காலி கேஸுல, அதாவது தோட்டாவோட பித்தளைக் கூட்டுல, மறுபடி பவுடரும் குண்டும் போட) பழைய சி ஃப்ரேம் ப்ரெஸ் (ஒரு பக்கம் திறந்த C வடிவச் சட்டம் வச்ச அமுக்கு மெஷின்) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், மேஜை ஓரத்துல போல்ட் போட்டு முடுக்கிட்டு வேலை முடிஞ்சதும் கழட்டி அலமாரில வச்சுடலாம், வாங்கினதே அதுக்குத்தான். துரு ஏறிக் கிடந்துச்சு, மண்ணெண்ணெய்ல ஊறவச்சு துடைச்சதும் ராம் (கேஸை மேல தூக்கற தண்டு) வழுக்கிட்டு ஏறி இறங்குது.

டை (கேஸை அமுக்கி வடிவத்துக்குக் கொண்டுவர்ற அச்சு) மாட்டற மரை 7/8-14 (7/8 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 14 மரை), அதனால இப்போ வர்ற டைங்க அப்படியே பொருந்துது. ராம் தலையில கேஸோட அடியைப் பிடிச்சுக்கற ஷெல் ஹோல்டர்தான் தலைவலி, பழைய மாடல், புதுசு எதுவும் உக்காரல, தேடித் தேடியே ரெண்டு மாசம் போச்சு.

38 ஸ்பெஷல் (ரிவால்வர் தோட்டா) மாதிரி நேரான கேஸுக்கு கார்பைடு டை (ரொம்ப கெட்டியான, வழவழப்பான வளையம் வச்சது) போட்டா கேஸுல தடவற லூப்ரிகன்ட் கூட வேணாம், ஒத்தக் கையாலயே அமுக்கிடலாம். ஆனா 30-06 ரைஃபிள் கேஸை முழு நீளத்துக்கும் பழைய அளவுக்கு அமுக்கற ஃபுல் லெங்த் சைஸிங்னு வந்தா சாயம் வெளுத்துடும். ஹேண்டிலை கடைசியா அழுத்தறப்போ ஃப்ரேமோட வாய் லேசா விரியுது, டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவுல மெல்லிசா வெளிச்சம் தெரியுது, கேஸோட ஷோல்டர் (கழுத்துக்குக் கீழ இருக்கற சரிவு) பின்னாடி போகவேண்டிய அளவு போகல, நாலஞ்சு கேஸ் துப்பாக்கியோட சேம்பர்ல (தோட்டா உக்கார்ற குழி) மாட்டிக்கிச்சு. டையை இன்னும் கொஞ்சம் இறக்கினப்புறம்தான் சரியாச்சு. சுத்தி மூடின ஓ ஃப்ரேம்ல இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி.

கேஸ் அடியிலேர்ந்து வெளிய தள்ளற பழைய ப்ரைமர் (பவுடரைப் பத்தவைக்கற குட்டி மூடி) எல்லாம் தரையில தெறிக்குது, அந்தக் கரில ஈயம் இருக்கும், கை கழுவாம சாப்பிட உக்காராதீங்க. வேகம்? மணிக்கு 50 தோட்டா தாண்டாது. எனக்கு அது ஓகே, ஒவ்வொரு கேஸுலயும் டார்ச் அடிச்சு பவுடர் மட்டம் பாக்கறவன் நான். பிஸ்டல் கேஸுக்கு மட்டும்னா தாராளமா வாங்கலாம்.