நேரில் பார்ப்பதா, போனா, வீடியோவா, கடிதமா: உள்ளே இருப்பவரோடு பேச எந்த வழி எதற்கு?

வீட்டில் ஒருவர் ஜெயிலுக்குப் போய்விட்டால் முதல் நாள் எல்லோரும் கேட்பது ஜாமீன் எப்போது என்பதைத்தான். மறுநாளே கேள்வி மாறிவிடும். எப்போது மனு போட்டுப் பார்க்கலாம், உள்ளேயிருந்து போன் வருமா, கடிதம் போட்டால் கைக்குப் போய்ச் சேருமா? என் தம்பி எட்டு மாதம் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தான். அந்த எட்டு மாதத்தில் நாங்கள் எல்லா வழிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். சிலவற்றில் பணமும் நேரமும் வீணாயின, ஒன்றை மட்டும் முதல் வாரத்திலேயே தொடங்கியிருக்கலாமே என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது. அது கடிதம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடிதம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கட்டும், முடிந்தபோதெல்லாம் நேரில் போங்கள், போன் அவசரச் செய்திக்கு, வீடியோ தூரத்தில் இருப்பவர்களுக்கு. வழக்கைப் பற்றிய பேச்சு இந்த நாலிலும் வேண்டாம், அது வக்கீலோடு மட்டும்.

எந்த வழியில் போவதாக இருந்தாலும் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது தெரிய வேண்டும். லாக்கப்பிலிருந்து உள்ளூர்ச் சிறைக்கு, அங்கே இடமில்லை என்றால் இன்னொன்றுக்கு என்று முதல் சில நாட்களில் ஆளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அடைத்ததையும் இடம் மாற்றியதையும் உடனே குடும்பத்துக்குத் தெரிவிக்கும் உரிமை கைதிக்கு உண்டு என்று ஐ.நா. விதிகள் சொன்னாலும், செய்தி நம்மிடம் வந்து சேருவதற்குள் ஒரு பயணம் வீணாகிவிடும். அதனால் கிளம்பும் அன்று காலையில் ஒரு தடவை போன் போட்டுக் கேளுங்கள். அவருடைய கைதி எண்ணையும், பதிவேட்டில் அவர் பெயரை எந்த எழுத்துகளில் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் குறித்து வையுங்கள், ஒரு எழுத்து மாறினால்கூட கணினியில் ஆள் கிடைக்க மாட்டார். பல இடங்களில் பார்வையாளர் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டியவர் உள்ளே இருப்பவர்தான், அதனால் முதல் செய்தி வக்கீல் மூலம் போவது நல்லது. இன்னொன்று: "ஜெயிலிலிருந்து பேசுகிறோம், உடனே பணம் கட்டினால் இன்றே விட்டுவிடுவோம்" என்று யாராவது கூப்பிட்டால் வைத்துவிடுங்கள். குடும்பம் பதறிப் போயிருக்கும் நேரம் பார்த்து இப்படி ஏமாற்றுகிறவர்கள் நிறைய.

சரி, நேரில் பார்ப்பதற்கு வருவோம். இதிலேயே இரண்டு வகை இருக்கிறது, இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஒன்று மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து கையைத் தொட்டுப் பேசுவது. இன்னொன்று கண்ணாடிக்கோ கம்பி வலைக்கோ இந்தப் பக்கம் நின்று பேசுவது. எங்களுக்குக் கிடைத்தது கண்ணாடி. இன்டர்காம் ரிசீவரின் வயர் குட்டை, அம்மா முன்னால் குனிந்தால்தான் காதுக்கு எட்டும், ஆனால் குனிந்தால் டியூப்லைட் கண்ணாடியில் பளிச்சென்று விழுந்து அவன் முகம் மறைந்துவிடும். ஒன்று கேட்கலாம், இல்லையென்றால் பார்க்கலாம். இரண்டு நிமிடம் இப்படியும் அப்படியும் முயன்றுவிட்டு அம்மா ரிசீவரை என் கையில் கொடுத்தார், மீதி நேரம் முழுவதும் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்படியும் நான் நேரில் போவதைத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஆள் இளைத்திருக்கிறானா, தூங்குகிறானா, உடம்பில் காயம் இருக்கிறதா என்பது நேரில் பார்த்தால்தான் தெரியும். போனில் "நல்லா இருக்கேன்" என்று யாரும் சொல்லிவிடலாம். மூன்றாவது தடவை போனபோது தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடது கையைக் கண்ணில் படாமல் கீழேயே வைத்திருந்தான், கேட்டுக் கேட்டுத்தான் விரல் வீங்கியிருப்பதைக் காட்டினான், அடுத்த நாளே வக்கீலிடம் சொல்லி டாக்டரைப் பார்க்க வைத்தோம். போனில் அது எங்களுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

நேரில் பார்ப்பதற்கு என்ன பெறுமானம் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011-ல் வெளியானது. உள்ளே இருந்தபோது யாராவது வந்து பார்த்தவர்கள் மறுபடி பெரிய குற்றத்தில் தண்டனை பெறும் ஆபத்து 13 சதவீதம் குறைவு என்று அதில் தெரிந்தது. தொடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நெல்சன் மண்டேலாவை நினைத்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் தொடக்கத்தில் அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பார்வையாளர், ஒரு கடிதம், அவ்வளவுதான். மனைவி வின்னியைத் தொட்டுப் பேச அனுமதி கிடைத்தது 1984-ல், போல்ஸ்மூர் சிறையில், அதற்கு முன் 21 ஆண்டுகள் அவர் கையைக்கூடத் தொட்டதில்லை. 2015-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற கைதிகளை நடத்தும் விதிகளுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். குடும்பத்தோடு தொடர்பே கூடாது என்று தடுப்பதை ஒரு தண்டனையாகக் கொடுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பார்வையாளரைச் சோதனை போடும்போது அவமானப்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு போனால் வாசலில் நிற்கும்போது கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

குறை என்னவென்றால் ஒரு சந்திப்புக்கு ஒரு நாளே போய்விடும், அதிலும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். அடையாள அட்டை காலாவதியாகியிருந்தால் போச்சு. கைதிகள் உடுத்தும் நிறத்தில் உடை போட்டு வந்தால் சில இடங்களில் விடமாட்டார்கள், உலோகம் வைத்து தைத்த உள்ளாடைகூட மெட்டல் டிடெக்டரில் சத்தம் போட்டுப் பெண்களைச் சங்கடப்படுத்தும். போனை உள்ளே கொண்டுபோகவே கூடாது, சில இடங்களில் அது தனிக் குற்றம். எத்தனை தடவை பார்க்கலாம் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும், விசாரணைக் கைதியா தண்டனைக் கைதியா என்பதைப் பொறுத்தும் மாறும். இங்கிலாந்தில் விசாரணையை எதிர்நோக்கி இருப்பவருக்கு வாரம் மூன்று ஒரு மணி நேரச் சந்திப்பு, தண்டனை பெற்றவருக்கு நான்கு வாரத்தில் குறைந்தது இரண்டு. தண்டனை வந்த பிறகும் பழைய கணக்கிலேயே போய் ஏமாந்து திரும்பாதீர்கள்.

போனைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவுதான். அது ஒருவழிப் பாதை: அவர்தான் கூப்பிட முடியும், நாம் கூப்பிட முடியாது. அதனால் வீட்டில் யாராவது ஒருவர் குறிப்பிட்ட நேரத்தில் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும், தெரியாத எண் என்று வெட்டிவிட்டால் அவர் வரிசையில் நின்று வாங்கிய ஐந்து நிமிடம் போய்விடும். அழைப்பை இன்னொருவரோடு இணைத்தால் பல சிறைகளில் அப்படியே துண்டித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு சீட்டில் மூன்று விஷயம் எழுதி போன் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருந்தோம், யார் எடுத்தாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், அழுகை அப்புறம். பணம் இன்னொரு பாரம். அமெரிக்காவில் மார்த்தா ரைட் என்ற பாட்டி சிறையில் இருந்த பேரனோடு பேசுவதற்கான கட்டணத்தைத் தாங்க முடியாமல் 2000-ல் வழக்குப் போட்டார். அவர் பெயரில் கட்டணக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது 2023-ல், அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அதே நாட்டில் கனெக்டிகட் மாநிலம் சிறை அழைப்புகளை இலவசமாக்க 2021-ல் சட்டம் கொண்டுவந்தது. குடும்பத்தோடு பேசுவதற்குப் பணம் வாங்கக் கூடாது என்பதுதான் என் எண்ணமும்.

வீடியோவில் எனக்குக் கோபம் இருக்கிறது. தொழில்நுட்பத்தின் மேல் இல்லை, அதை நேர்ச் சந்திப்புக்குப் பதிலாக வைப்பதன் மேல். அமெரிக்க உள்ளூர்ச் சிறைகளைப் பற்றி பிரிசன் பாலிசி இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு 2015-ல் வெளியிட்ட அறிக்கையில், வீடியோ சந்திப்பைக் கொண்டுவந்த சிறைகளில் 74 சதவீதம் நேர்ச் சந்திப்பை நிறுத்திவிட்டன என்று இருந்தது. சிறை வாசல் வரை பயணம் செய்து போய், அதே கட்டடத்தில் இன்னொரு அறையில் உட்கார்ந்து திரையில் பார்க்கச் சொன்னால் எப்படி இருக்கும்? கண்ணாடியில்கூட கண்ணுக்குக் கண் பார்க்கலாம். வீடியோவில் கேமரா திரைக்கு மேலே இருப்பதால் அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு அவர் கீழே பார்ப்பது போலத்தான் தெரியும். எங்கள் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "என்கிட்ட எதையோ மறைக்கிறான், கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறான்" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். வீடியோ அழைப்பில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அவருக்குப் புரிய வைக்க முடியவில்லை.

ஆனால் படுக்கையில் இருக்கிற அப்பா, வேறு நாட்டில் வேலை பார்க்கிற மனைவி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, இவர்களுக்கு வீடியோ இல்லையென்றால் எதுவுமே இல்லை. இந்தியாவில் இ-முலாகாத் என்ற பெயரில் நேர்ச் சந்திப்புக்குப் பதிவு செய்வது, வீடியோ சந்திப்பு இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன, அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டும் இருந்தால் நல்லது, ஒன்றைக் காட்டி மற்றதைப் பறிப்பதுதான் தப்பு. வீடியோ பேசும்போது முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி உட்காருங்கள், பின்னால் ஆட்கள் குறுக்கே வந்து போக வேண்டாம், அதையே காரணமாகச் சொல்லி இணைப்பை நிறுத்துவதும் உண்டு.

இனி கடிதம். இதைத்தான் எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான், மூன்றாவது மாதத்தில்தான் முதல் கடிதம் போட்டேன். அடுத்த சந்திப்பில் தம்பி அதிலிருந்த வரிகளைத் திருப்பிச் சொன்னான். வீட்டுப் பூனை குட்டி போட்டதை நான் நாலு வரியில் எழுதியிருந்தேன், எந்தக் குட்டி எந்த நிறம் என்பதுவரை அவனுக்கு மனப்பாடம். போன் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், சந்திப்பு முடிந்ததும் வார்டன் வந்து நிற்பார், கடிதம் மட்டும்தான் இரவில் அவன் கூடவே இருந்தது. வெளியே வந்தபோது மொத்தம் 31 கடிதம், ஒரு பழைய துண்டின் கரையைக் கிழித்துக் கட்டி வைத்திருந்தான், முதல் கடிதம் மடிப்பில் இரண்டாகவே போய்விட்டது.

கடிதத்துக்குப் பெரிய செலவில்லை, அனுமதி வாங்க வேண்டியதில்லை, வேலைக்கு லீவு போட வேண்டியதில்லை. உள்ளே இருப்பவரும் பதில் எழுத நேரம் எடுத்துக்கொள்ளலாம், வாயால் சொல்ல முடியாததை எழுதிவிடுவார். மெதுவாகப் போகும் என்பது உண்மைதான், பிரித்துப் படித்த பிறகே கொடுப்பார்கள் என்பதும் உண்மை. சில இடங்களில் அசல் கடிதமே கைக்குப் போகாது, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சிறைகளில் 2018 முதல் கடிதங்களை வேறு மாநிலத்தில் ஸ்கேன் செய்து நகலைத்தான் கொடுக்கிறார்கள். அம்மாவின் கையெழுத்து நகலிலும் தெரியும், காகிதத்தின் மடிப்பு தெரியாது. அப்படியும் எழுதுங்கள். வெள்ளைத் தாள், நீலம் அல்லது கறுப்பு மை, ஸ்டிக்கர், ஜிகினா, ஸ்டேப்ளர் பின், வாசனை எதுவும் வேண்டாம். பெயர், எண் இரண்டையும் உறையிலும் எழுதுங்கள், தாளிலும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போடுங்கள். ஏழு வந்து ஒன்பது வந்தால் எட்டு எங்கே என்று அவர் கேட்க முடியும்.

என்ன எழுதுவது என்று திகைக்க வேண்டாம். வழக்கு, பணம், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வேண்டாம். இன்று என்ன நடந்தது என்று எழுதினால் போதும், சின்ன விஷயமாக இருந்தால் இன்னும் நல்லது.

வழக்கைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிறை அழைப்புகள் பதிவாகின்றன, கடிதங்களைப் படிக்கிறார்கள், பதிவான பேச்சு நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்த வழக்குகள் இருக்கின்றன. "நீ அங்கே போகவே இல்லைதானே" என்று நாம் ஆறுதலுக்குக் கேட்கிற ஒரு கேள்விகூட சிக்கலாகலாம். வக்கீல் சந்திப்பு வேறு மாதிரி: அதிகாரி கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கக் கூடாது என்பது மண்டேலா விதிகளிலேயே உள்ளது. அதனால் செய்தி சொல்ல வக்கீலை அடிக்கடி அனுப்பி அவர் நேரத்தைச் செலவழிக்காதீர்கள், வழக்குக்கும் உடம்பு சரியில்லாதபோதும் மட்டும் அனுப்புங்கள். பிடிபட்டவர் வெளிநாட்டில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவின்படி அவர் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லி கேட்கலாம், தூதரக அதிகாரி போய்ப் பார்க்கவும் முடியும்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? கண்ணாடி வழியாக மட்டும் என்றால் சின்னப் பிள்ளைகளை நான் கூட்டிப் போக மாட்டேன், தம்பி மகள் கண்ணாடியைத் தட்டித் தட்டி அழுததைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. தொட்டுப் பேச விடுகிற இடமென்றால் கட்டாயம் கூட்டிப் போவேன். பெண் கைதிகளுக்கான ஐ.நா. பாங்காக் விதிகள், 2010-ல் வந்தவை, தாயும் பிள்ளையும் தடையில்லாமல் சேர்ந்திருக்கும்படி சந்திப்பு அமைய வேண்டும் என்கின்றன. தடுப்புக்குப் பின்னால்தான் என்றால் பிள்ளை வரைந்த படத்தைக் கடிதத்தோடு அனுப்பலாம், கிரேயான் கூடாது என்கிற இடங்களும் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே நீங்கள் ஒரே ஆள், வேலையும் விட முடியாது என்றால் வாரம் ஒரு கடிதம், வாரம் ஒரு போன், மாதம் ஒரு தடவை நேரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் இருந்தால் சந்திப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள், எல்லோரும் ஒரே நாளில் போய்விட்டு மீதி மூன்று வாரம் அவரைத் தனியாக விடாதீர்கள். எந்த நாளில் யார் வருவார் என்பதைக் கடிதத்திலேயே முன்கூட்டி எழுதிவிடுங்கள், சொன்ன நாளில் போகவும் செய்யுங்கள். வக்கீலிடம் வாய்தா தேதிகளை வாங்கி காலண்டரில் குறித்து வையுங்கள், அன்று அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள், சிறை வாசலில் போய் நின்று பயனில்லை.