சீமைக் கம்பளமா, ஏலூர் முடிச்சா, சிறைத் தறியா?

1880-களின் சென்னை மாகாணத்தில் வசதியான ஒரு வீட்டுக்காரர் வரவேற்பறைத் தரைக்கு எதை வாங்கியிருக்கலாம்? பாய் மலிவு, ஆனால் நாற்காலிக் கால் பட்டாலே பிய்ந்துவிடும். குறும்பர் நெய்த கறுப்புக் கம்பளி எத்தனை மழைக்கும் தாங்கும். துரைமார் வந்து உட்காரும் அறைக்குள் மட்டும் அதற்கு இடம் கிடையாது. கௌரவமான போட்டி மூன்றுக்குள்தான்: இங்கிலாந்தின் விசைத்தறிக் கம்பளம்; ஏலூர், மச்சிலிப்பட்டினம், வாலாஜாப்பேட்டை வட்டாரத்தில் கையால் முடிச்சிட்ட ரத்தினக் கம்பளம்; சிறைச்சாலையில் கைதிகள் நெய்தது. என் ஓட்டு ஏலூருக்கு. ஆனால் அதன் வயிற்றில் அடித்தது கப்பலில் வந்த சரக்கு மட்டுமில்லை.

முதலில் சீமைச் சரக்கு. அமெரிக்கர் எராஸ்டஸ் பிக்லோ 1840-களில் உருவாக்கிய விசைத்தறியின் உரிமையை இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துக் கிராஸ்லி ஆலை வாங்கிய பிறகு, பிரஸ்ஸல்ஸ் வகைக் கம்பளம் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கும் எட்டியது. 27 அங்குல அகலப் பட்டைகளாக வரும். அறையின் அளவுக்கு ஏற்பத் தைத்து இணைத்துக்கொள்ள வேண்டும். ஒழுங்கில் குறை சொல்ல முடியாது. முதல் கெஜத்துக்கும் கடைசி கெஜத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இராது. ஆனால் இதன் மேற்பரப்பு வெட்டாத கண்ணிகளால் ஆனது. ஒரு கண்ணி ஆணியில் மாட்டினால் வரிசையாக உருவிக்கொண்டு வரும். கோலமோ, நிழல் விழும்படி வரைந்த ரோஜாக் கொத்துகள். தரை சமதளம், அதில் மேடுபள்ளம் தெரியும்படி பூ வரைவது பிசகு என்று லண்டனிலேயே வடிவமைப்பைச் சீர்திருத்த முனைந்த ஹென்றி கோலும் ஓவன் ஜோன்ஸும் வாதிட்டார்கள். 1851-இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சியில் இந்தியத் துணிகளின் தட்டையான கோலங்களை அவர்கள் உதாரணமாகக் காட்டினார்கள். அப்படியும் ரோஜா விற்றது.

அந்தக் கண்காட்சிக்கு ஏலூர்க் கம்பளமும் போயிருந்தது. பாரசீகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்ததாகச் சொல்லப்படும் நெசவாளர்களின் வேலை அது. பருத்திப் பாவில் இழை இழையாக ஆட்டுமயிர் நூலை முடிச்சிட்டு, கத்தியால் நறுக்கி, வரிசை முடிந்ததும் ஊடையை ஓட்டிச் சீப்பால் தட்டி இறுக்குவார்கள். நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி அல்லது அரக்கு. ஒரே நீலம் நடுவில் சற்றுக் கருத்து, பிறகு வெளுத்திருக்கும்; வேறு தொட்டியில் தோய்த்த நூல் வந்து சேர்ந்ததன் அடையாளம். ஆலைக் கண்ணுக்கு அது குறை. எனக்கு அதுதான் அழகு, பெரிய பரப்பு உயிரோடு இருப்பது அதனால்தான். நிஜமான குறைகளும் உண்டு. உள்ளூர் ஆட்டின் மயிர் முரடு. மலிவுச் சரக்கில் தோல் பதனிடும் இடங்களில் சுண்ணாம்பிட்டுக் கழித்த மயிரைக் கலப்பார்கள். அது நொறுங்கும், சாயமும் சீராக ஏறாது. முன்பணம் கேட்பார்கள், மாதக்கணக்கில் காக்க வைப்பார்கள். ஆனால் எலி கடித்த இடத்தில் முடிச்சைத் திரும்பப் போட்டுச் சரிசெய்துவிடலாம். பிரஸ்ஸல்ஸில் அது நடக்காது.

மூன்றாவதுதான் சிக்கலானது. ஆக்ரா, லாகூர், எரவாடா, வேலூர் சிறைகளில் கம்பளத் தறிகள் ஓடின. கைதிக்குக் கூலி இல்லை, காலக்கெடு பற்றிய கவலை இல்லை, இடத்துக்கும் பஞ்சமில்லை. வெளியே வாடகையும் வட்டியும் கட்டி நெய்பவன் இந்த விலையோடு எப்படி மோதுவான்? இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட் 1880-இல் இதைத்தான் சாடினார்: சிறைச் சரக்கு நெசவாளர் பிழைப்பையும் கெடுத்தது, ரசனையையும் கெடுத்தது. 1856-இல் பெர்கின் கண்டுபிடித்த ஊதாவில் தொடங்கி வந்த அனிலின் என்னும் செயற்கைச் சாயங்களில், கண்ணைப் பறிக்கும் மெஜந்தா சிறைத் தறிக்கும் வந்து சேர்ந்தது. வெயில் விழும் ஜன்னலோரத்தில் அது சீக்கிரமே சாம்பல் பூத்துவிடும்.

அதற்காகச் சிறைக் கம்பளம் எல்லாமே மட்டம் என்று தள்ளிவிட முடியாது. விண்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ கூடத்தில் கிடப்பது விக்டோரியா ராணிக்காக ஆக்ரா கைதிகள் நெய்தது; ஒட்டுப் போடாத ஒரே விரிப்பு, நீளம் சுமார் 80 அடி, அகலம் 40. 1992-இல் கோட்டை தீப்பிடித்தபோது அதைச் சுருட்டித் தூக்க 50 சிப்பாய்கள் தேவைப்பட்டார்கள். அவ்வளவு பெரிய தறியையும், அத்தனை கைகளையும், வருஷக்கணக்கில் பொறுமையையும் எந்த ஏலூர்க் குடும்பம் திரட்டியிருக்கும்?

ஆகவே கணக்கு இப்படி. தர்பார் கூடத்தை ஒரே விரிப்பால் நிரப்ப வேண்டுமா, சிறைக்குத்தான் எழுத வேண்டும். இயற்கைச் சாயம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு. மூன்று வருஷத்தில் மாற்றலாகி, சாமானை ஏலத்தில் விட்டுவிட்டுக் கிளம்பும் கலெக்டருக்குப் பிரஸ்ஸல்ஸ் போதும். சொந்த வீட்டுக்காரர் ஏலூரில் முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். மயிரை மட்டும் முன்கூட்டியே கையால் இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.