ஏடாஸ் உள்ள காரா? முன்கண்ணாடி மாற்றும்போது ஏமாறாதீர்கள்

"கண்ணாடி மாத்தியாச்சு சார், டேஷ்போர்டுல லைட் எதுவும் எரியல, எடுத்துட்டுப் போங்க." ஏடாஸ் (கேமரா உதவியோடு தானே பிரேக் போடுவது, லேன் மாறாமல் பார்த்துக்கொள்வது போன்ற ஓட்டுநர் உதவி வசதிகள்) உள்ள கார் வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். பில்லில் கண்ணாடி, பசை, கூலி எல்லாம் இருக்கும். கேமரா கேலிபரேஷன், அதாவது கேமராவின் கோணத்தைச் சரிபார்த்து அமைப்பது, இருக்காது. சில இடங்களில் அதற்கும் பணம் வாங்கிக்கொண்டு, ஸ்கேனரைச் செருகி ஃபால்ட் கோடை (கோளாறுக் குறியீட்டை) மட்டும் அழித்துவிடுகிறார்கள். விளக்கு அணைந்துவிடும். கேமரா கோணலாகவே பார்த்துக்கொண்டிருக்கும். இது அப்பட்டமான மோசடி.

ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியில் ஒட்டிய பிராக்கெட்டில்தான் பெரும்பாலான கார்களில் அந்தக் கேமரா உட்காருகிறது. புதுக் கண்ணாடியில் அது ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தாலும் 50 மீட்டர் தூரத்தில் அதன் பார்வை 87 செ.மீ. விலகும், 100 மீட்டரில் 1.75 மீட்டர். நெடுஞ்சாலை லேனின் அகலமே 3.5 மீட்டர். அதாவது பாதி லேன்! பக்கத்து லேன் லாரிக்குக் கார் திடீரென்று பிரேக் போடலாம். நேர் முன்னால் போகும் பைக்கைத் தாமதமாகக் கண்டுகொள்ளலாம். ஸ்டீயரிங் ஒரு பக்கமாகவே இழுக்கலாம்.

ஒழுங்காகச் செய்வதென்றால் சமதளத் தரை வேண்டும், டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், டிக்கியில் சுமை கூடாது, வீல் அலைன்மென்ட்டை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். கேமரா பார்த்துத் தன் கோணத்தைச் சரிசெய்துகொள்ள, கம்பெனி சொல்லும் தூரத்திலும் உயரத்திலும் டார்கெட் போர்டு நிறுத்துவார்கள். சில மாடல்களை ஸ்கேனர் மாட்டியபடி, லேன் கோடு பளிச்சென்று தெரியும் சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்ட வேண்டும். சிலவற்றுக்கு இரண்டுமே தேவை. கோடு அழிந்த தெருவில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு "முடிஞ்சுது" என்றால் நம்பாதீர்கள். ஓட்ட ஓட்டத் தானே சரிசெய்துகொள்ளும் கேமராக்களும் உண்டு. உங்கள் மாடல் அந்த வகை என்று சொன்னால் கம்பெனியின் சர்வீஸ் வழிமுறையைக் காட்டச் சொல்லுங்கள்.

தானியங்கி பிரேக்குக்கான ஐ.நா. விதி 152 போன்றவை புது மாடலுக்கு ஒப்புதல் தரும்போது சோதிக்கும் தரங்கள். கண்ணாடி மாற்றிய உங்கள் காரை யாரும் திரும்பச் சோதிப்பதில்லை. சொந்தக் காரின் ஆர்.சி. 15 ஆண்டு செல்லும்; அதுவரை தகுதிச் சோதனை கிடையாது. இடையில் எடுக்கும் புகைச் சான்று புகையை மட்டுமே பார்க்கிறது. ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் கார் ஓரளவு தானே பார்த்துக்கொள்ளும் லெவல் 2 காரிலும் முழு நேரமும் சாலையைக் கவனிக்க வேண்டியவர் ஓட்டுநர்தான்.

இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் என்றால் சர்வேயர் ஒப்புதல் தருவதற்கு முன்பே கேலிபரேஷன் கட்டணத்தை எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது ஸ்கேன் ரிப்போர்ட் வாங்குங்கள்: சேஸிஸ் எண், தேதி, கேலிபரேஷன் வெற்றி என்ற வரி, மூன்றும் அதில் இருக்க வேண்டும். தர மறுத்தால் ஜாப் கார்டில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் உண்டு.