செக் என்ஜின் விளக்கு: சர்வீஸ் சென்டரா, ஸ்கேனர் கடையா, சொந்தக் கருவியா?

செக் என்ஜின் விளக்கு எரிகிறதென்று போனால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பல நேரம் "சென்சார் போயிருச்சு சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்தக் கோடு (வண்டியின் கணினி பதிந்து வைக்கும் பழுதுக் குறியீட்டு எண்), இப்போதும் இருக்கிறதா, பழைய பதிவா என்பது ஜாப் கார்டில் ஏறாது. அதனால் வண்டியைக் கொண்டு போகும் முன்பே கோடு எண்ணை நாமே படித்து வைத்திருப்பது நல்லது.

அதற்கு இஎல்எம் 327 வகை ப்ளூடூத் கருவி போதும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். 2013-க்குப் பிந்தைய கார்களில் ஸ்டியரிங் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் 16 பின் சாக்கெட் இருக்கும். இக்னிஷனை ஆஃப் செய்து சொருகி, பிறகு ஆன் செய்து (ஸ்டார்ட் வேண்டாம்), 1234 அல்லது 0000 போட்டு, கோடு படிக்கும் ஆப் உள்ள போனை இணைக்க வேண்டும். ஐபோனுக்கு வைஃபை மாடல் வாங்குங்கள். '1.5' என்று அச்சடித்து விற்பது மூல நிறுவனம் வெளியிடாத பதிப்பு. சில வண்டிகளில் இணையவே இணையாது.

கோடு எண்ணோடு ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோடு பதிந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், என்ஜின் சூடு எவ்வளவு என்பது அதில் இருக்கும். 'கிளியர்' பட்டனைத் தொட வேண்டாம். அழுத்தினால் இந்தத் தடயம் மொத்தமும் போய்விடும்.

கோடு என்பது பழுதான பாகத்தின் பெயர் அல்ல. பி0171 என்றால் எரிபொருள் கலவை மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாமல், ஆப்பில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்மை (கலவையைச் சரிக்கட்ட என்ஜின் கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற சதவீதம்) பாருங்கள். ஐடிலில் (வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது) எகிறி, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு வந்தால் வேக்யூம் ஹோஸ் (என்ஜின் காற்றை இழுக்கும் பக்கத்து ரப்பர் குழாய்) கசிவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டிலும் உயர்ந்தே நின்றால் காற்றளவு சென்சார் அழுக்கு அல்லது பெட்ரோல் அழுத்தக் குறைவு. பி0301, அதாவது முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று வந்தால், அதன் இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) இரண்டாவதோடு மாற்றிப் போடுங்கள். கோடு பி0302 (இரண்டாவது சிலிண்டர்) ஆனால் காயில்தான் குற்றவாளி.

ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் இந்தச் சின்னக் கருவி பெரும்பாலும் எட்டிப் பார்க்காது. வேலை முடிந்ததும் கழற்றியும் விடுங்கள். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் பேட்டரியைக் குடித்துவிடும்.

ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் படிக்க, பல பிராண்டுக்கும் பொருந்தும் டேப்லெட் ஸ்கேனர் வைத்திருக்கும் தனியார் பட்டறைக்குப் போகலாம். போனதும் "எந்த வருஷ மாடல் வரைக்கும் அப்டேட் இருக்குண்ணே?" என்று கேளுங்கள். சந்தா புதுப்பிக்காத கருவி புது மாடலை அடையாளம் காணாது. ஒரே நேரத்தில் ஏழெட்டு 'யு' கோடுகள் (கணினிகளுக்கு இடையே தொடர்பு அறுந்ததைச் சொல்பவை) வந்தால் ஈசியூ, அதாவது வண்டியின் கணினி, போச்சு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முதலில் பேட்டரி: என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அருகே, ஓடும்போது 13.5 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். அடுத்து எர்த் வயர், அதற்கடுத்து எலி கடித்த வயர்.

வாரன்டி வண்டி, இம்மொபிலைசர் சாவி (திருட்டைத் தடுக்கும் சிப் உள்ள சாவி), ஈசியூ மென்பொருள் இதற்கெல்லாம் சர்வீஸ் சென்டர்தான், அலைய வேண்டாம். பிஎஸ் 6 டீசலில் பி2463, அதாவது டிபிஎஃப்பில் (புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டி) புகைக்கரி அடைப்பு, முற்றிப்போனாலும் கட்டாய ரீஜெனரேஷனுக்கு (கருவி வழியே கரியை எரித்துச் சுத்தம் செய்வது) அங்கேதான். மதுரைக்குள் சிம்மக்கல்லுக்கும் கீழவாசலுக்கும் மட்டுமே ஓடும் வண்டிக்கு இது அடிக்கடி வரும். விளக்கு புதிதாக எரியும்போதே திருமங்கலம் தாண்டி விருதுநகர் பக்கம் நான்குவழிச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் நிலையான வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் தானே எரிந்து சுத்தமாகும். நத்தம் பறக்கும் பாலம் போதாது, 7.3 கிலோமீட்டர்தான். வழியில் கப்பலூர் சுங்கச்சாவடியில் கொடுக்கும் காசு டிபிஎஃப் விலைக்கு முன்னால் தூசு.

உதிரிபாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கு மறுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஆகவே கோடு எண்ணைக் கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேலைக்கு முன்பும் பின்பும் ஸ்கேன் அறிக்கை வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுத வைத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.